மூன்று பதக்கம், ஒரு விநாடி: பாரிஸ் 2024 கலப்பு ரிலே டிரையத்லான் – நிகழ்வு ஆய்வு

2024 ஆகஸ்ட் 5, காலை 8 மணி, பாரிஸ். அன்று நடந்த ஒலிம்பிக் கலப்பு ரிலே டிரையத்லானில் ஜெர்மனி 1:25:39 நேரத்தில் தங்கம் வென்றது. அமெரிக்கா 1:25:40. பிரிட்டனும் 1:25:40. வெள்ளி யாருக்கு, வெண்கலம் யாருக்கு என்பதை நிழற்படத்தை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். அணிக்கு நான்கு பேர், ஒவ்வொருவரும் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் முடித்து அடுத்தவருக்குக் கைமாற்ற வேண்டும்: பன்னிரண்டு பகுதிகள், எட்டு டிரான்சிஷன் (ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்கு மாறுதல்), மூன்று கைமாற்றம். இத்தனையும் கடந்து வந்த மூன்று அணிகளை ஒரே விநாடிக்குள் அடக்கிவிடலாம்.

இந்த ஆய்வு வென்றவர்களின் கதை அல்ல. தனிநபர் பந்தயத்தில் ஒரு வீரர் இழக்கும் பத்து விநாடிக்கும் ரிலேயில் இழக்கும் பத்து விநாடிக்கும் விலை ஒன்றல்ல என்பதைப் பார்ப்பதுதான் நோக்கம். அதைப் பார்க்க பாரிஸைவிட நல்ல களம் இல்லை. கிட்டத்தட்ட அதே வீரர்கள், அதே ஆறு, அதே தெருக்கள். நடுவில் ஐந்தே நாள் இடைவெளி.

களமும் தூரமும்

தனிநபர் பந்தயம் ஜூலை 31 அன்று நடந்தது. நீச்சல் 1.5 கி.மீ., சைக்கிள் 40 கி.மீ., ஓட்டம் 10 கி.மீ. ஆண்கள் பந்தயம் ஜூலை 30 அன்று நடந்திருக்க வேண்டும். சேன் ஆற்று நீரின் தரம் சரியில்லாததால் ஒரு நாள் தள்ளிப்போய், பெண்கள் பந்தயம் முடிந்ததும் அதே நாளில் நடத்தப்பட்டது. ரிலேயில் ஒவ்வொருவரும் செய்தது 300 மீட்டர் நீச்சல், 6 கி.மீ.க்குச் சற்றுக் குறைந்த சைக்கிள், 2 கி.மீ.க்குச் சற்றுக் குறைந்த ஓட்டம். வென்ற நேரத்தை நான்கால் வகுத்தால் தலைக்கு 21 நிமிடம் 25 விநாடி வருகிறது.

வரிசை ஆண், பெண், ஆண், பெண். முந்தைய ஒலிம்பிக்கான டோக்கியோவில் பெண் முதலில் போனார். 2022இல் வரிசை மாற்றப்பட்டது. ஜெர்மனிக்கு டிம் ஹெல்விக், லிசா டெர்ட்ஷ், லாஸே லூர்ஸ், லாரா லிண்டமான். அமெரிக்காவுக்கு செத் ரைடர், டெய்லர் ஸ்பைவி, மார்கன் பியர்சன், டெய்லர் நிப். பிரிட்டனுக்கு அலெக்ஸ் யீ, ஜார்ஜியா டெய்லர்-பிரவுன், சாம் டிக்கின்சன், பெத் பாட்டர்.

நீரின் தரம் பந்தய நாளை மட்டும் பாதிக்கவில்லை. தனிநபர் பந்தயத்துக்கு முன் ஆற்றில் நீந்திப் பழக ஒதுக்கிய நேரங்கள் ரத்தாயின. ரிலேக்கு முந்தின நாளும் அப்படியே. நீரோட்டம் வலுவாக இருந்த ஆற்றில் இது சின்ன விஷயம் இல்லை. ஏன் என்பதை ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம்.

அசையாத நீரில் விநாடிக்கு 1.4 மீட்டர் நீந்துபவர் 300 மீட்டரை 214 விநாடியில் முடிப்பார். நீரோட்டம் விநாடிக்கு அரை மீட்டர் என்று வையுங்கள். ஓட்டத்தோடு 150 மீட்டர் போக 79 விநாடி. எதிர்த்து 150 மீட்டர் வர 167 விநாடி. மொத்தம் 246. போகும்போது கிடைத்த லாபம் திரும்பும்போது பறிபோவதோடு, கூடவே அரை நிமிடமும் போகிறது. கரைச்சுவரை ஒட்டி நீந்தினால் அங்கே ஓட்டம் தணிந்திருக்கும், அது 0.3 மீட்டராகக் குறைந்தால் திரும்பும் 150 மீட்டர் 136 விநாடியில் முடிந்துவிடும். ஆக நீந்தும் பாதையைத் தேர்ந்தெடுப்பதிலேயே முப்பது விநாடி கிடக்கிறது. பாரிஸில் மேல்நோக்கித் திரும்பியவர்கள் சுவரை உரசியபடி நீந்தியதற்குக் காரணம் இதுதான். மிதவையைச் சுற்றியதும் நடு ஆற்றிலேயே இருந்துவிட்டவர், எவ்வளவு நல்ல நீச்சல்காரராக இருந்தாலும், பின்தங்கத்தான் செய்வார். பழக வாய்ப்பில்லாத நீரில் செய்யக்கூடியது ஒன்றுண்டு: பந்தயத்துக்கு முன் கரையில் நின்று, மிதக்கும் இலையோ நுரையோ எங்கே வேகமாகப் போகிறது, எங்கே தயங்குகிறது என்று பத்து நிமிடம் பார்ப்பது.

முதல் கட்டத்து மோதல்

ரிலேயின் முதல் கட்டத்தில் பிரான்ஸின் பியர் லெ கோரும் நியூசிலாந்தின் ஹேடன் வைல்டும் சைக்கிளில் மோதிக்கொண்டார்கள். வைல்ட் தனிநபர் பந்தயத்தில் வெள்ளி வென்றவர். பிரான்ஸ் அணியில் அடுத்து வரவிருந்தவர்களில் காசாண்ட்ர் போகிராண்ட் தனிநபர் தங்கம், லியோ பெர்ஜேர் தனிநபர் வெண்கலம். காகிதத்தில் பார்த்தால் அந்த அணிதான் வலுவானது. முடிவில் நான்காம் இடம்.

விழுந்து எழுந்து மறுபடி ஏறச் செலவாகும் விநாடிகள் நஷ்டத்தின் சிறு பகுதிதான். பெரிய நஷ்டம் கூட்டத்தை இழப்பது. ஒலிம்பிக் வகைப் பந்தயத்தில் முன்னால் போகிறவரின் காற்று மறைவில் ஓட்டலாம், டிராஃப்டிங் சட்டபூர்வமானது. சக்கரத்தை ஒட்டிப் போகிறவர் அதே வேகத்துக்குக் கால்பங்குக்கும் மேல் குறைந்த சக்தி செலவிடுகிறார். முறை வைத்து இழுக்கும் கூட்டம் மணிக்கு 42 கி.மீ. போகிறது, தனியாக ஓட்டுபவர் உயிரைக் கொடுத்து 39 போகிறார் என்று வையுங்கள். 5.8 கி.மீ. தூரத்துக்குக் கூட்டத்துக்கு 497 விநாடி, தனியாளுக்கு 535. ஆற்றிலிருந்து ஐந்து விநாடி தாமதமாக ஏறியவர் அந்த ஐந்தை மட்டும் இழப்பதில்லை. கூட்டத்தைப் பிடிக்காவிட்டால் சைக்கிள் முடியும்போது கணக்கு 43 ஆகிவிடும். ரிலேயில் அந்த 43 விநாடி அவரோடு முடியாது. அடுத்தவர் தனியாக நீந்தி, தனியாக ஓட்டித் தொடங்க வேண்டும்.

தனிநபர் பந்தயத்தில் இதே இடைவெளிக்கு மருந்து உண்டு. 40 கி.மீ. நீளமான தூரம். பின்தங்கிய நாலைந்து பேர் சேர்ந்து இன்னொரு கூட்டம் கட்டலாம், முன்கூட்டம் ஒருவரையொருவர் பார்த்து வேகம் குறைக்கும் நேரத்தில் நெருங்கலாம், மிச்சத்தை 10 கி.மீ. ஓட்டத்தில் அடைக்கலாம். ஜூலை 31 அன்று யீ அப்படித்தான் வென்றார். ஓட்டத்தின் கடைசிச் சுற்றில் வைல்ட் நன்றாக முன்னே போயிருந்தார். இனித் தங்கம் அவருக்குத்தான் என்று தோன்றிய நேரத்தில் யீ கடைசிச் சில நூறு மீட்டரில் அவரைத் தாண்டி, 1:43:33க்கு வந்து ஆறு விநாடியில் ஜெயித்தார். டோக்கியோவில் ஜார்ஜியா டெய்லர்-பிரவுனின் டயர் சைக்கிள் பகுதியின் கடைசியில் காற்றிழந்தது. கிட்டத்தட்ட இருபது விநாடி பின்னால் ஓடத் தொடங்கி, வெள்ளியை எடுத்தார். ஓடுவதற்கு 10 கி.மீ. இருந்ததால்தான் அது முடிந்தது. ரிலே தூரத்தில் அதே டயர் அணியையே பதக்கத்துக்கு வெளியே தள்ளியிருக்கும்.

மோதலையும் வழுக்கலையும் குறைக்கச் செய்யக்கூடியவை சில. ஜூலை 31 காலை மழை பெய்து, பெண்கள் பந்தயத்தில் கல் பாவிய தெருக்களில் பலர் விழுந்தார்கள். ஈரத் தெருவுக்கு டயர் காற்றை உலர்ந்த நாளின் அளவிலிருந்து அரை பார் (காற்றழுத்த அலகு) முதல் ஒரு பார் வரை இறக்குவது வழக்கம். வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்துவிட வேண்டும். சாய்ந்திருக்கும்போது பிடிக்கும் பிரேக்தான் ஆளை விழவைக்கிறது. சாலையின் வெள்ளைக் கோடுகளும் இரும்பு மூடிகளும் ஈரத்தில் சோப்பு மாதிரி. கூட்டத்தில் வளைவை முதல் மூன்று பேருக்குள் இருந்து எடுப்பது பாதுகாப்பு, சிக்கனமும்கூட. பின்னால் இருப்பவர் ஒவ்வொரு வளைவிலும் கூடுதலாகக் குறைத்து, வெளியே வந்ததும் கூடுதலாக மிதிக்க வேண்டியிருக்கும். முன் இருப்பவரின் பின்சக்கரத்தோடு தன் முன்சக்கரம் பக்கவாட்டில் மேற்கவியும்படி ஒருபோதும் ஓட்டக்கூடாது. அவர் அரை அடி நகர்ந்தால் விழுவது பின்னால் இருப்பவர்தான்.

பத்து விநாடி தண்டனை

விதி மீறலுக்கு நேரத் தண்டனை ஒலிம்பிக் தூரத்தில் 15 விநாடி, ரிலேயில் 10 விநாடி. ஓட்டப் பாதையில் இருக்கும் தண்டனைப் பெட்டிக்குள் அசையாமல் நின்று கழிக்க வேண்டும். எண்ணைப் பார்த்தால் ரிலே தண்டனை இலகுவானது போலத் தோன்றும். வகுத்துப் பார்த்தால் தலைகீழ். 10 கி.மீ. ஓட்டத்தில் 15 விநாடியை மீட்க கிலோமீட்டருக்கு 1.5 விநாடி வேகம் கூட்டினால் போதும். 1.8 கி.மீ. ஓட்டத்தில் 10 விநாடியை மீட்க கிலோமீட்டருக்கு ஐந்தரை விநாடிக்கு மேல் கூட்ட வேண்டும். ஏற்கெனவே உச்ச வேகத்தில் ஓடுபவரிடம் அது இருக்காது. 2012 லண்டனில் ஜானி பிரவுன்லி, சைக்கிளில் ஏறக் குறித்த கோட்டுக்கு முன்பே ஏறியதற்காக 15 விநாடி நின்றார். அப்படியும் வெண்கலம் வாங்கினார். பாரிஸ் ரிலேயில் முதல் மூன்று அணிகளில் யாராவது பத்து விநாடி நின்றிருந்தால் அவர்கள் கடைசி நேர ஓட்டப்போட்டியிலேயே இருந்திருக்க மாட்டார்கள்.

தண்டனை பெரும்பாலும் டிரான்சிஷனில்தான் விழுகிறது, அதுவும் நான்கே காரணங்களுக்கு. சைக்கிளை எடுக்குமுன் ஹெல்மெட் பூட்டாமல் இருப்பது, அல்லது சைக்கிளை மாட்டுமுன் ஹெல்மெட்டைக் கழற்றுவது. ஏறும் கோட்டைத் தாண்டாமலே ஏறுவது. இறங்கும் கோட்டைத் தாண்டிய பிறகு இறங்குவது. கண்ணாடி, தொப்பி, வெட்சூட் (நீச்சலுக்கான ரப்பர் உடை) எதையாவது தன் பொருட்களை வைக்கும் பெட்டிக்கு வெளியே விடுவது. கடைசியானதுதான் எரிச்சலூட்டும். பெட்டிக்குள் எறிந்த கண்ணாடி விளிம்பில் பட்டு வெளியே துள்ளினாலும் மீறல் மீறல்தான். எறியாமல் குனிந்து வைக்க ஆவது அரை விநாடி.

ஏறும் கோட்டில் நடக்கும் பிழைக்கு அவசரம் பாதிக் காரணம், தப்பான தயாரிப்பு மீதி. காலணிகளை முன்கூட்டியே பெடலில் பூட்டி, அவை தொங்கி உரசாமல் கிடையாக நிற்க மெல்லிய ரப்பர் பேண்டால் கட்டுகிறார்கள். இடப்பக்கம் நின்று ஏறுபவருக்கு வலது பெடல் முன்னோக்கிக் கிடையாக இருக்க வேண்டும். ஏறியதும் முதல் மிதியே உந்தித் தள்ளும். ரப்பர் பேண்ட் தடித்ததாக இருந்தால் அறுபடாமல் பெடலை இழுத்துப் பிடிக்கும், வண்டி தள்ளாடும். மெலிந்து நைந்ததாக இருந்தால் தள்ளிக்கொண்டு ஓடும்போதே அறுந்து, காலணி தரையில் அடித்துக் கழன்றுவிடும். புதியதை ஒவ்வொரு பந்தயத்துக்கும் மாற்ற வேண்டும். கியரை மாட்டும்போதே நடுத்தரமானதில் வைத்துவிட வேண்டும். காலை உள்ளே நுழைப்பது வேகம் பிடித்த பிறகுதான்: முதலில் காலணிக்கு மேலேயே மிதித்துக் கூட்டத்தைப் பிடி, பிறகு நேரான சாலையில் ஒவ்வொரு காலாக. கோட்டைத் தாண்டியதும் குனிந்து காலணியோடு மல்லுக்கட்டுபவரைக் கூட்டம் காத்திருந்து கூட்டிப் போகாது.

ஓட்டக் காலணிக்கு எலாஸ்டிக் நாடா. உள்ளே பவுடரோ வாஸலினோ. ரிலேயில் சாக்ஸ் போடுபவர் அரிது. தனிநபர் 10 கி.மீ.க்குப் போடலாமா என்பது கொப்புளம் வரும் பாதமா என்பதைப் பொறுத்தது. ஆறேழு விநாடியைக் கொடுத்து ஐந்தாம் கிலோமீட்டரில் நொண்டாமல் ஓடுவது சில பேருக்கு நல்ல பேரம். ஆறு கி.மீ. சைக்கிளுக்குத் தண்ணீர் பாட்டில் வீண் சுமை. வெயில் கடுமையானால் தலையில் ஊற்றக் கொஞ்சம் போதும். 40 கி.மீ.க்கு அது நடக்காது. அங்கே மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து, சைக்கிளில் இருக்கும்போதே, முதல் பாதிக்குள் தொடங்கி உள்ளே போக வேண்டும். ஓடும்போது சாப்பிட்டுச் சரிக்கட்டலாம் என்று விட்டவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பார்.

கைமாற்றம், அதற்கு முந்தைய ஒரு மணி நேரம்

ரிலேயில் கொடுக்க வாங்கக் கோல் கிடையாது. 15 மீட்டர் நீளக் கைமாற்றப் பகுதிக்குள் வருபவர் தன் கையால் அடுத்தவரின் உடலைத் தொட வேண்டும். பகுதிக்கு வெளியே தொட்டால் தண்டனை. வேண்டுமென்றே செய்தால் அணியே வெளியே. தடகள ரிலே போல ஓடிக்கொண்டே வாங்கும் ஆசை பலரைக் கெடுக்கிறது. இங்கே அதனால் கிடைக்கும் லாபம் அற்பம். தொட்டவுடன் போவது மேடைக்கும் தண்ணீருக்கும்தான். காத்திருப்பவர் உடலைப் போகும் திசைக்குத் திருப்பி, தோளை மட்டும் பின்னால் காட்டி நிற்பது நல்லது. வருபவரின் கை முதுகிலோ தோளிலோ படட்டும். நான்கைந்து அணி ஒன்றாக வரும் நேரத்தில் தொட்டதா இல்லையா என்ற குழப்பம் வரும். பெயரைச் சொல்லிக் கத்தித் தொடுவது என்று அணிக்குள் முன்பே பேசி வைப்பது வேடிக்கையாகத் தெரிந்தாலும் வேலை செய்கிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் காத்திருப்பு. பாரிஸ் கணக்கில் நான்காவது ஆள் பந்தயம் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துத்தான் தண்ணீரில் குதிக்கிறார். எல்லோரோடும் சேர்ந்து அதிகாலையிலேயே உடலைச் சூடாக்கிவிட்டு உட்கார்ந்தால் அந்தச் சூடு வீண். 300 மீட்டர் நீச்சல் நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும்; அதற்குள் மூச்சு ஒழுங்குக்கு வர உடலுக்கு நேரமில்லை. எனவே ஒவ்வொருவரும் தன் கட்டத்திலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டம் வைக்க வேண்டும். நாற்பத்தைந்து நிமிடம் முன்பு நிலைச் சைக்கிளில் இருபது நிமிடம், நடுவே மூச்சு வாங்கும்படி முப்பது விநாடி வேகம் மூன்று முறை. இருபது நிமிடம் முன்பு, அதாவது தனக்கு முந்தையவர் தண்ணீரில் இறங்கும்போது, ரப்பர் பட்டையால் தோளுக்கு இழுப்பு, இரண்டு மூன்று குறு ஓட்டம். முந்தையவர் சைக்கிளிலிருந்து இறங்கியதும் ஆறு நிமிடம் இருக்கிறது; தொப்பியும் கண்ணாடியும் அப்போது. அதற்கு முன்பே கண்ணாடியைக் கண்ணில் வைத்தால் வியர்வையில் ஆவி படியும். வெயில் நாளில் இதே திட்டம், மேலே பனிக்கட்டிச் சட்டையோடு. தசை சூடாக வேண்டும், உடல் கொதிக்கக் கூடாது.

பயிற்சியிலும் இது வேறு மாதிரி வரும். தனிநபர் வீரர் சைக்கிளிலிருந்து இறங்கி ஓடும் நீண்ட இணைப்புப் பயிற்சிகளால் தயாராகிறார். ரிலேக்குத் தேவை குளிர்ந்த உடலோடு உச்சத்துக்குப் போகும் பழக்கம்: 300 மீட்டர் நீச்சல், 6 கி.மீ. சைக்கிள், 1.5 கி.மீ. ஓட்டம் முழு வேகத்தில், பிறகு அரை மணி நேரம் முழு ஓய்வு, மறுபடி ஒருமுறை. அரை மணி ஓய்வைச் சுருக்கினால் பயிற்சியின் பொருளே போய்விடும்.

யாரை எங்கே நிறுத்துவது

முதல் கட்டத்துக்கு நல்ல நீச்சல்காரரும் நெரிசலில் பதறாதவரும் வேண்டும். எல்லா அணியும் ஒன்றாகக் குதிப்பது அங்கே மட்டும்தான். நடுவில் உள்ள இருவருக்குத் தனியாக ஓட்டும் வலு முக்கியம். இடைவெளிகள் அங்கேதான் உருவாகின்றன. கடைசிக்கு வேகமாக ஓடி முடிப்பவர். இது பொது அறிவு. இதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றும் அணிகள் ஒன்றை மறக்கின்றன: கடைசி ஆளுக்கு இடைவெளியை மூடும் வேலையும் கொடுத்துவிட்டால், முடிக்கும் வேகம் அவரிடம் மிஞ்சாது. டோக்கியோ ரிலேயில் பிரான்ஸின் வின்சென்ட் லூயி, முன்னால் போன யீயைத் துரத்திப் பிடித்தார். பிடிக்கச் செலவழித்தது திரும்பி வரவில்லை. யீ மறுபடி பிரிந்து 1:23:41இல் பிரிட்டனுக்குத் தங்கம் தந்தார். பின்னாலிருந்து வந்த அமெரிக்காவின் பியர்சன் 1:23:55இல் வெள்ளியை எடுக்க, லூயிக்கு 1:24:04, வெண்கலம்.

பாரிஸில் லிண்டமான், நிப், பாட்டர் மூவரும் சேர்ந்தே ஓட்டத்தின் முடிவுக்கு வந்தார்கள். அப்படிப்பட்ட முடிவில் கோட்டைத் தொடுவது உடற்பகுதி. தலையோ நீட்டிய கையோ கணக்கில் வராது. கடைசி எட்டில் மார்பை முன்னே தள்ளிச் சாய்வது டிரையத்லான் வீரர்கள் பலர் பழகாத ஒன்று. 2012 லண்டன் பெண்கள் பந்தயத்தில் நிக்கோலா ஸ்பிரிக்குக்கும் லிசா நோர்டனுக்கும் ஒரே 1:59:48 நேரம். தங்கம் ஸ்பிரிக்குக்குப் போனது நிழற்படத்தால்தான். இருந்தும் இதைப் பயிற்சியில் சேர்ப்பவர்கள் குறைவு.

மூவர் ரிலே: கணக்கு மாறும் இடம்

பொழுதுபோக்கு வீரர்களுக்கான போட்டிகளில் ரிலே என்றால் பெரும்பாலும் வேறு வகை: ஒருவர் நீந்த, ஒருவர் ஓட்ட, ஒருவர் ஓட. மேலே சொன்ன கூட்டக் கணக்கு இங்கே செல்லாது. இவற்றில் டிராஃப்டிங்குக்குப் பொதுவாகத் தடை. ஒலிம்பிக் தூரத்தில் முன்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு 10 மீட்டர் இடைவெளி, தாண்ட நுழைந்தால் 20 விநாடிக்குள் தாண்டிவிட வேண்டும். நீச்சல் 30 நிமிடம், சைக்கிள் 75, ஓட்டம் 50 ஆகும் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து சதவீதம் வேகமான நீச்சல்காரர் கிடைத்தால் லாபம் ஒன்றரை நிமிடம். அதே ஐந்து சதவீதம் சைக்கிளில் கிடைத்தால் மூன்றே முக்கால். ஆகவே முதலில் தேட வேண்டியது சைக்கிள் ஆளை. அவருக்கு ஓட்டத்துக்கென்று காலை மிச்சம் பிடிக்கும் தேவையும் இல்லை. தனிநபர் வீரர் அடக்கி ஓட்டும் கடைசி 5 கி.மீ.யில் இவர் தயங்காமல் எல்லாவற்றையும் கொட்டலாம்.

இங்கே கைமாறுவது கணுக்காலில் கட்டும் நேரச் சிப். நேரம் போவதும் அதில்தான். நீந்தி வந்தவர் வெட்சூட்டைக் கழற்றவே வேண்டாம். ஆனால் சிப் அதன் காலுக்கு அடியில் மாட்டியிருந்தால் நடுங்கும் விரலோடு தோண்ட வேண்டும். வெட்சூட் காலை மேலே சுருட்டி, சிப் வெளியே தெரியும்படி கட்டி, பட்டை அவிழாமல் இருக்க ஒரு பின் குத்திக்கொள்ளலாம். குனிந்து கழற்றுவது வந்தவர் வேலை அல்ல, வாங்குபவர் வேலை: நீந்தியவர் நிற்பார், ஓட்டுபவர் மண்டியிட்டுக் கழற்றித் தன் காலில் கட்டிக்கொள்வார், ஹெல்மெட் முன்பே பூட்டியிருக்கும். பெரும்பாலான போட்டிகளில் சிப் காலில் ஏறும்வரை சைக்கிளைத் தொடக்கூடாது. திரும்பி வந்ததும் சைக்கிளை மாட்டிய பிறகுதான் சிப்பை ஓடுபவருக்குத் தர வேண்டும். ஓடுபவர் மாட்டும் கம்பிக்கு அருகிலேயே நிற்கட்டும், வாசலில் அல்ல.